கைக்குச் சேர்வது எவ்வளவு?

விருதுநகர் மாவட்டத்தில் பணம் இரண்டு திசையிலும் போய்வருகிறது. சாத்தூர், அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களுக்குச் சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் மாதாமாதம் வந்து சேர்கிறது. ராஜபாளையம் நூற்பாலைகளிலும் சிவகாசி அச்சகங்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்களின் சம்பளம் ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஜார்க்கண்டுக்கும் புறப்பட்டுப் போகிறது. பிழைக்கப் போனவர்களின் பணத்தை வாங்கும் ஊராகவும், பிழைக்க வந்தவர்களின் பணத்தை அனுப்பும் ஊராகவும் ஒரே மாவட்டம் இருக்கிறது. 'போட்டி பெருகியதால் பணம் அனுப்பும் செலவு குறைந்துவிட்டது' என்று நிறுவனங்களும் பொருளியலாளர்களும் ஒரே குரலில் சொல்லும் கூற்றை உரசிப் பார்க்க இதைவிடத் தோதான இடம் கிடைக்காது.

செலவு என்று எதைக் கணக்கிடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். ரசீதில் அச்சாகும் கட்டணத்தை மட்டும் பார்த்தால் கூற்று எளிதில் வென்றுவிடும். அனுப்புகிறவர் கையை விட்டுப் போன தொகைக்கும், வீட்டில் இருப்பவர் கையில் நோட்டாக வந்து சேர்ந்த தொகைக்கும் உள்ள வித்தியாசம் முழுவதையும் செலவு என்று எடுத்துக்கொண்டால் விடை வேறாகிறது. அந்த வித்தியாசத்தில் கட்டணம் உண்டு, நாணய மாற்று விலையில் கழியும் தொகை உண்டு, கடைசியில் ரொக்கமாக மாற்றும்போது போவது உண்டு. வங்கி திறந்திருக்கும் நேரத்தில் போக வேண்டும் என்பதற்காக இழக்கும் அரை நாள் கூலியையும் நான் அதில் சேர்ப்பேன்.

இந்தியாவுக்குள் போகும் பணத்திலிருந்து தொடங்கலாம். 1880 முதல் நூறாண்டுக்கும் மேலாக ஏழையின் பணத்தைச் சுமந்தது தபால் துறையின் மணியார்டர். 20 ரூபாய்க்கு 1 ரூபாய் என்பது பல பத்தாண்டுகள் அதன் கட்டணம். நூற்றுக்கு ஐந்து. போட்டியே இல்லாத அரசுத் துறை வாங்கிய கட்டணம் இது. அரசு நடத்தினாலே மலிவாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த எண்ணை மறக்கக் கூடாது. போட்டியைப் புகழ்கிறவர்கள் மறக்கும் இன்னொன்றும் உண்டு. அந்த ஐந்து ரூபாய்க்குத் தபால்காரர் வீட்டு வாசலுக்கே வந்து, கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிக்கொண்டு, நோட்டை எண்ணிக் கொடுத்தார். வாங்குகிறவருக்கு வங்கிக் கணக்கு வேண்டாம், செல்போன் வேண்டாம், பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டாம். இன்று பணம் அனுப்பித் தரும் கடை வாங்கும் ஒரு சதவீதத்தை அன்றைய ஐந்து சதவீதத்தோடு ஒப்பிட்டு நான்கு சதவீதம் மிச்சம் என்று சொல்பவர்கள், வாசல் வரை வந்த சேவையையும் வங்கிக் கணக்கில் நின்றுவிடும் சேவையையும் ஒன்றாக எடை போடுகிறார்கள்.

அடுத்து வந்தது கடை. வங்கிகளின் முகவர்களும் மின்னணுப் பணப்பை (வாலட்) நிறுவனங்களும் ரொக்கத்தை வாங்கி, நாட்டின் எந்த மூலையில் உள்ள கணக்குக்கும் அனுப்ப 2011 அக்டோபரில் ரிசர்வ் வங்கி விதிகளைத் தளர்த்தியது. 2010 நவம்பரில் தொடங்கியிருந்த ஐஎம்பிஎஸ் என்ற உடனடிப் பரிமாற்ற முறை இதற்கு அடித்தளம். செல்போன் ரீசார்ஜ் கடை, ஜெராக்ஸ் கடை, ரயில் டிக்கெட் எடுத்துத் தரும் கடை என்று எல்லா வாசலிலும் 'மணி டிரான்ஸ்ஃபர்' பலகை வந்தது. நிறுவனங்கள் பல, கடைகள் அதைவிடப் பல. பாடப்புத்தகத்தின்படி கட்டணம் கீழே விழுந்திருக்க வேண்டும். ஆனால் ஆயிரத்துக்குப் பத்து ரூபாய் என்ற கணக்கு ஆண்டுக்கணக்கில் பெரிதாக அசையவில்லை. ஒருமுறைக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பினால் 8,000 ரூபாய் அனுப்புகிறவருக்கு அது 5,000 ஒரு துண்டு, 3,000 ஒரு துண்டு என்று போய், மொத்தம் 80 ரூபாய் ஆகும்.

இத்தனை நிறுவனங்கள் இருந்தும் விலை ஏன் அசையவில்லை? இங்கே நடக்கும் போட்டி அனுப்புகிறவரைப் பிடிப்பதற்கான போட்டி இல்லை, கடைக்காரரைப் பிடிப்பதற்கான போட்டி. ராஜபாளையம் மில் விடுதியிலிருந்து வரும் ஒடிசா இளைஞர் எந்த நிறுவனத்தின் செயலி வழியாகத் தன் பணம் போகிறது என்பதைப் பார்ப்பதில்லை. அவர் கடையைத்தான் தேர்ந்தெடுக்கிறார். அதுவும் தன் மொழியில் நாலு வார்த்தை பேசுகிற, முன்பு பணம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த கடையை. கடைக்காரரின் போனில் மூன்று நான்கு நிறுவனங்களின் செயலிகள் இருக்கும். எதில் தனக்கு அதிகக் கமிஷனோ அதில் அனுப்புவது அவருக்கு இயல்பு. ஆகவே ஒரு நிறுவனம் சந்தையைப் பிடிக்க விரும்பினால் தொழிலாளிக்குக் கட்டணத்தைக் குறைப்பதால் பயனில்லை, கடைக்காரரின் கமிஷனைக் கூட்ட வேண்டும். போட்டி கடுமையாகக் கடுமையாக, விலையைக் கீழே இழுக்க வேண்டிய விசை விலையைத் தாங்கிப் பிடிக்கும் விசையாக மாறிவிடுகிறது. கடைக்காரரைக் குற்றம் சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. கடை வாடகை, கையில் எப்போதும் புழங்க வேண்டிய முதல், ராத்திரி ரொக்கத்தோடு வீட்டுக்குப் போகும் பயம் எல்லாம் அவருடையவை. அந்த ஒரு சதவீதத்தில் ஒரு பங்குதான் அவருக்கு. கட்டணம் தேங்கிப்போனதற்குக் காரணம் சந்தையின் அமைப்பு.

பிறகு 2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. 8,000 ரூபாய் அனுப்ப 400 ரூபாய் ஆன காலம் போய், 80 ரூபாய் ஆன காலம் போய், கட்டணம் பூஜ்யமானது. போட்டியின் வெற்றிக்கு எடுத்துக்காட்டாக இதைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அங்கேதான் நான் அவர்களோடு மாறுபடுகிறேன். யுபிஐயில் நடக்கும் பரிமாற்றங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டே செயலிகள் வழியாகப் போகின்றன. எந்தச் செயலிக்கும் 30 சதவீதத்துக்கு மேல் பங்கு இருக்கக் கூடாது என்று யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. 2020இல் போட்ட விதி தள்ளிப்போடப்பட்டுத் தள்ளிப்போடப்பட்டு, இப்போது 2026 டிசம்பர் 31 கெடுவில் நிற்கிறது. போட்டிச் சட்ட அறிஞர்கள் கவலைப்பட வேண்டிய அளவுக்குக் குவிந்துபோன சந்தை இது. ஆனாலும் கட்டணம் பூஜ்யம். மணி டிரான்ஸ்ஃபர் கடைச் சந்தையிலோ எண்ணற்ற நிறுவனங்கள். கட்டணம் ஒரு சதவீதத்தில் தேங்கி நிற்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், போட்டியாளர்களின் எண்ணிக்கைக்கும் விலைக்கும் நேரடித் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது. யுபிஐயில் விலையை வீழ்த்தியது, ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் சேர்ந்து 2008இல் நிறுவிய என்.பி.சி.ஐ. போட்ட பொதுப் பாதையும், எந்த வங்கியின் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக்கும் போகலாம் என்ற கட்டாயமும், கட்டணம் வாங்குவதில்லை என்ற கொள்கை முடிவும்தான். செயலிகளின் போட்டி அதற்கு மேல் வந்தது. அது வசதியைக் கூட்டியது, விலையைத் தீர்மானிக்கவில்லை.

இந்தப் பூஜ்யத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இலவசம் என்று எதுவும் இல்லை. வங்கிகள் சர்வர் செலவைத் தாங்குகின்றன, அதை வேறு எங்கோ வசூலிக்கின்றன, கடைகளில் நடக்கும் சிறு பரிமாற்றங்களுக்கு அரசு ஊக்கத்தொகையும் தருகிறது, இது எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாளைக்கே ஒரு கட்டணம் வரலாம். வந்தாலும், மின்னணு வழியில் ஒரு பரிமாற்றத்தைச் செய்ய ஆகும் உண்மைச் செலவு தொகையின் அளவைப் பொறுத்தது இல்லை என்பதால், அது சதவீதக் கணக்கில் இருக்க வேண்டிய அவசியமே கிடையாது. 8,000 அனுப்பினாலும் 80,000 அனுப்பினாலும் கணினிக்கு வேலை ஒன்றுதான்.

ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது வேறு. பூஜ்யக் கட்டணப் பாதை வாசல் வரை வந்த பிறகும் ஏன் இன்னும் பலர் அந்தக் கடைக்குப் போகிறார்கள்? அவர்களுக்கு விவரம் போதாது என்று சொல்லிக் கடந்துபோவது சோம்பேறித்தனம். கூலி ரொக்கமாகக் கையில் வருகிறது. அதை முதலில் கணக்கில் போட்டாக வேண்டும். சொந்த ஊரில் திறந்த ஜன்தன் கணக்கின் கிளை ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. வேறு கிளையில் ரொக்கம் கட்ட வரம்பும் கட்டணமும் உண்டு. மொழி தெரியாத கவுண்டரில், வேலை நேரத்தில் வரிசையில் நிற்க வேண்டும். கணக்கோடு இணைத்த செல் நம்பர் பழைய நம்பர். அதை மாற்ற ஊருக்குப் போக வேண்டும். ஆகவே அவர் நோட்டைக் கடைக்காரரிடம் கொடுக்கிறார். கடைக்காரர் தன் கூகுள் பேயிலிருந்தே அனுப்பிவிட்டு ஆயிரத்துக்குப் பத்து வாங்கிக்கொள்கிறார். பாதை இலவசம்; அந்தப் பாதையில் கால் வைக்கத்தான் காசு. 2024 நவம்பர் முதல் ரொக்கம் அனுப்புகிறவரின் அடையாளச் சான்றையும் செல் நம்பரையும் உறுதிசெய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியை இறுக்கியிருக்கிறது. மோசடியைத் தடுக்க அது தேவைதான். கூடவே, முறையான சேவையை விட்டுவிட்டுக் கடைக்காரரின் சொந்தக் கணக்கு வழியாக அனுப்பும் பழக்கம் கூடுவதற்கும் அது இடம் தரும். பணம் போய்ச் சேராவிட்டால் அந்தத் தொழிலாளியிடம் காட்டுவதற்கு ஒரு ரசீதுகூட இருக்காது.

மறுமுனையிலும் இதே கதைதான். வங்கி முகவர் வாடிக்கையாளரிடம் தன் கையால் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஆனால் கைரேகை வைத்துப் பணம் எடுக்கும்போது ஆயிரத்துக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்கிறார்கள் என்பது வட மாநிலக் கிராமங்களிலிருந்து ஓயாமல் வரும் புகார். ஊருக்கு ஒரே ஒரு முகவர் இருக்கும் இடத்தில் போட்டி என்ற பேச்சுக்கே பொருள் இல்லை.

இனி வெளிநாட்டுப் பணம். ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பின்படி இந்தியாவுக்கு வரும் பணத்தில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வருகிறது. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம். உலக வங்கி, 200 டாலர் அனுப்ப ஆகும் செலவை உலகெங்கும் அளந்துவருகிறது. 2009இல் அது பத்து சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஐந்தாண்டில் ஐந்து சதவீதமாக்குவோம் என்று அந்த ஆண்டு இத்தாலியின் லாக்விலா நகரில் ஜி-8 நாடுகள் சொல்லின. 2024இலும் அது ஆறு சதவீதத்துக்கு மேலேயே இருந்தது. 2030க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழ் என்பது ஐ.நா. வளர்ச்சி இலக்கு. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இந்தியாவுக்கு வரும் வழிகள் உலகச் சராசரியைவிட நிச்சயமாக மலிவு. ஏராளமான ஆட்கள், ஏராளமான நிறுவனங்கள், பழகிய பாதை. போட்டியின் பங்கை இங்கே நான் மறுக்கவில்லை. துபாயில் ஒரே தெருவில் நாலு நாணயமாற்றுக் கடை இருந்தால், அது ஆப்பிரிக்க நாடுகளுக்கிடையே பணம் அனுப்புகிறவருக்கு வாய்க்காத நல்ல நிலைதான்.

அந்தப் போட்டி எதில் நடக்கிறது என்று பார்க்க ஒரு கணக்குப் போடுவோம். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூரின் தேக்கா பகுதியில் ஒருவர் 700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அனுப்புகிறார். சந்தையில் வெள்ளிக்கு 65 ரூபாய். முதல் கடை 5 வெள்ளி கட்டணம் வாங்கிக்கொண்டு 64.50 கொடுக்கிறது. இரண்டாவது கடை 'கட்டணம் இல்லை' என்று பலகை வைத்துவிட்டு 64 ரூபாய் கொடுக்கிறது. முதல் கடையில் அவர் இழப்பது 675 ரூபாய், கட்டணம் இல்லாத கடையில் 700 ரூபாய். இதே கடைகளில் புதிதாக வேலைக்கு வந்த இன்னொருவர் 200 வெள்ளி மட்டும் அனுப்பினால் கணக்கு தலைகீழாகிவிடும்: முதல் கடையில் 425, இரண்டாவதில் 200. எது மலிவு என்பதை வரிசையில் நிற்கிறவர் மனக்கணக்காகப் போட்டுச் சொல்ல முடியாது. கட்டணத்தில் போட்டி, மாற்று விலையில் மறைப்பு என்று இருக்கும்வரை, போட்டி தெரியும் விலையைக் குறைத்துத் தெரியாத விலைக்குள் தள்ளிவிடுகிறது.

இன்னும் வெளிப்படையான சான்று 2024 தொடக்கத்தில் கிடைத்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் நாணயமாற்று நிறுவனங்களின் கூட்டமைப்பு, கிளைகளில் அனுப்பும் பணத்துக்கான கட்டணத்தை 15 சதவீதம், குறைந்தது இரண்டரை திர்ஹாம், உயர்த்திக்கொள்ள அதிகாரிகளின் ஒப்புதல் கிடைத்திருப்பதாக அறிவித்தது. செயலி வழி அனுப்புகிறவர்களுக்கு அந்த உயர்வு இல்லை. வாடகையும் சம்பளமும் ஏறிவிட்டன என்று அவர்கள் சொன்ன காரணம் உண்மையாகவே இருக்கலாம். என்றாலும் போட்டியாளர்கள் ஒரு சங்கமாகக் கூடி, ஒரே விகிதத்தில், ஒரே அறிவிப்பில் விலையேற்றும் சந்தையைப் போட்டிச் சந்தை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஏற்றம் விழுந்ததோ செயலியைப் பயன்படுத்தத் தெரியாமல் கிளைக்கு நடந்து போகிறவர் தலையில்.

அமீரகம் 2009இல் கொண்டுவந்த சம்பளப் பாதுகாப்பு முறையையும் இங்கே எடை போட வேண்டும். முதலாளிகள் கூலியை மின்னணு வழியில்தான் தர வேண்டும் என்ற அந்த விதி, சம்பளம் தராமல் ஏமாற்றுவதைக் கண்டுபிடிக்க உதவிய நல்ல விதி. வங்கிக் கணக்கு இல்லாத தொழிலாளிக்கு நாணயமாற்று நிறுவனம் தரும் சம்பள அட்டை வழியாகக் கூலி வருகிறது. அந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது முதலாளி. கூலி எடுக்கப் போன கவுண்டரிலேயே ஊருக்கும் அனுப்பிவிட்டு வருவதுதான் களைத்துப்போன மனிதர் செய்யக் கூடியது. தெருவில் நாலு கடை இருந்தும் அவருக்கு ஒரு கடைதான். ரொக்கக் கூலியை ஒழித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நினைப்பவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. கணக்கு யாருடையது, யார் தேர்ந்தெடுத்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரிய நிறுவனம் என்றால் பத்திரம் என்ற நம்பிக்கைக்கு 2020 மார்ச்சில் அடி விழுந்தது. 1980இல் தொடங்கி வளைகுடாத் தொழிலாளர்களிடையே வீட்டுக்கு வீடு தெரிந்த பெயராகிவிட்ட நாணயமாற்று நிறுவனமான யுஏஇ எக்ஸ்சேஞ்ச் புதிய பரிமாற்றங்களை ஏற்பதை நிறுத்தியது. அமீரக மத்திய வங்கி அதைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொண்டது. கட்டணத்தை மட்டும் பார்த்துக் கடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அறிவுரை எவ்வளவு அரைகுறையானது என்பதை அந்த மாதம் காட்டியது. தெரியாத செயலியில் பத்து ரூபாய் மிச்சம் பிடிக்காமல் தெரிந்த கவுண்டருக்கே போகும் தொழிலாளியின் தயக்கத்தில் அறிவு இருக்கிறது. அந்தத் தயக்கத்தை நீக்க வேண்டிய பொறுப்பு கண்காணிக்கும் அரசுகளுடையது.

பொதுப் பாதையை எல்லைக்கு வெளியே நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. 2023 பிப்ரவரி 21 அன்று நம் யுபிஐயும் சிங்கப்பூரின் உடனடிப் பரிமாற்ற முறையான பேநவ்வும் இணைக்கப்பட்டன. நாளுக்கு 1,000 வெள்ளி வரை அனுப்பலாம். ஆரம்பத்தில் சில வங்கிகளே சேர்ந்திருந்தன. 2025 ஜூலையில் இந்தியப் பக்கத்தில் 19 வங்கிகள் என்று விரிந்தது. சிங்கப்பூரில் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் ஏராளம் என்பதால் இது நம் கிராமங்களுக்கு நேரடியாகப் பயன்படக் கூடிய ஏற்பாடு. ஆனால் இங்கும் மாற்று விலையை வங்கிதான் வைக்கிறது. பாதையைப் பொதுவாக்கிவிட்டு விலையை மறைவில் விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

கென்யாவின் அனுபவம் இதற்குப் பொருந்தும். 2007இல் தொடங்கிய எம்-பெசா செல்போன் பணச் சேவையின் முகவர்கள் வேறு நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது என்ற ஒப்பந்தத்தை அந்நாட்டுப் போட்டி ஆணையம் 2014இல் முடிவுக்குக் கொண்டுவந்தது. முகவர்களின் கட்டு அவிழ்ந்தது. எம்-பெசாவின் ஆதிக்கம் குலையவில்லை, ஏனென்றால் அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஏற்கெனவே அதற்குள் இருந்தார்கள். முகவர் கட்டை அவிழ்ப்பது தேவை. அதோடு நின்றால் போதாது.

ஆக, என் தீர்ப்பு இது. பணம் அனுப்பும் பாதையின் நடுப்பகுதியில் செலவு வீழ்ந்தது உண்மை. அந்த வீழ்ச்சியின் பெருமையைப் போட்டிக்குக் கொடுப்பது தவறு. பொது ஏற்பாடுதான் அதைச் செய்தது. போட்டி அதன்மேல் ஏறி வந்தது. பாதையின் இரண்டு முனைகளிலும், அதாவது ரொக்கம் கணக்காகும் இடத்திலும் கணக்கு ரொக்கமாகும் இடத்திலும், போட்டி செலவைக் குறைக்கத் தவறியிருக்கிறது. வெளிநாட்டுப் பணத்தில் போட்டி உண்மையாகவே உதவியிருக்கிறது. விலை தெரியாத இருட்டில் அதன் உதவி பாதியாகிவிட்டது. அதை முழுமையாக்க ஓர் ஒழுங்குவிதி போதும்: கட்டணம், மாற்று விலை என்று பிரித்துச் சொல்லாமல், 'இன்று 200 வெள்ளி கொடுத்தால் வீட்டில் இத்தனை ரூபாய்' என்ற ஒற்றை எண்ணை ஒவ்வொரு கவுண்டரும் வாசலில் எழுத வேண்டும். அந்த எண் இருந்தால் எழுத்தறியாதவரும் இரண்டு கடையை ஒப்பிட்டுவிடுவார்.

இந்த மண்ணில் ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. இருக்கும் நிதி அமைப்புகள் தங்களுக்கு உதவவில்லை என்று கண்ட தென்மாவட்ட வணிகர்கள், மகமை என்ற பொதுநிதி சேர்த்துப் பழகிய சமூகத்தின் வலுவில், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியைத் தொடங்கினார்கள். 1962 முதல் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஆனால் மில் விடுதியில் தங்கியிருக்கும் ஜார்க்கண்ட் இளைஞரிடம் அதைப்போல் செய்யச் சொல்ல முடியாது. அவருக்கு இங்கே உறவின்முறை இல்லை, ஓட்டு இல்லை, அடுத்த ஆண்டு இங்கே இருப்பாரா என்பதும் தெரியாது. சந்தை தன் கவனத்தை அவர் பக்கம் திருப்பும் என்று காத்திருந்தால், ஆயிரத்துக்குப் பத்து ஆயிரத்துக்குப் பத்தாகவே இருக்கும். மாதம் 8,000 அனுப்புகிறவருக்கு ஆண்டுக்கு 960 ரூபாய். ஏறக்குறைய இரண்டு நாள் கூலி.

விருதுநகர் மாவட்டம் 2018இல் நிதி ஆயோக்கின் வளர்ச்சியை நாடும் மாவட்டங்களில் ஒன்றாகத் தேர்வானது. எல்லோருக்கும் வங்கிச் சேவை என்பது அந்தத் திட்டத்தின் அளவுகோல்களில் ஒன்று. அந்த அளவுகோலில் வெளிமாநிலத் தொழிலாளியும் எண்ணப்பட வேண்டும். எந்தெந்தத் தொழிலில் கூலியைக் கணக்கில் மட்டுமே தர வேண்டும் என்று அறிவிக்கும் அதிகாரத்தை 2017இல் திருத்தப்பட்ட ஊதியச் சட்டம் அரசுக்குத் தந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த ஊதியத் தொகுப்புச் சட்டமும் அதைத் தருகிறது. நூற்பாலைகளுக்கும் அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் அந்த அறிவிப்பை வெளியிடலாம். வெளியிடும்போது, கணக்கு எந்த வங்கியில் என்பதைத் தொழிலாளியே சொல்வார், ஊரில் ஏற்கெனவே உள்ள ஜன்தன் கணக்காக இருந்தாலும் முதலாளி அதிலேயே போட வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும். செல் நம்பர் மாற்றத்தையும் முடங்கிய கணக்கின் ஆவணச் சரிபார்ப்பையும் எந்தக் கிளையிலும் செய்துகொள்ளும் வசதியோடு, மாவட்டத்தின் முன்னோடி வங்கி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மில் விடுதிகளுக்கு ஆள் அனுப்பலாம், ஒடியாவும் இந்தியும் தெரிந்த ஒருவரோடு.